உருமத்து ஓய்வு

விடியுமுன்னே மாடுகளைப் பூட்டிக் கவலையால் கிணற்று நீர் இறைக்கத் தொடங்கிய கொங்கு நாட்டுக் குடியானவன், வெயில் ஏறி உருமம் என்னும் உச்சிவேளை ஆனதும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, தூக்குப்போசியில் வந்த கம்மங்கூழை மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே குடித்து, வேப்பமர நிழலில் சற்றுக் கண்ணயர்ந்து, வெயில் தாழ்ந்து பாலக்காட்டுக் கணவாயின் காற்று மேனியில் படும் வேளையில்தான் மறுபடியும் வேலைக்கு எழுவான். மாடு களைத்தால் மனிதனுக்கும் விச்ராந்தி கிடைத்த காலம் அது.

அந்தக் காலம் மாறத் தொடங்கியது, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூருக்கு 1862-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தபோது. சென்னையிலிருந்து பேப்பூர் செல்லும் அந்தப் பாதையிலிருந்து கோயம்புத்தூர் நகரத்துக்குக் கிளை பிரிந்ததே 1873-இல்தான் என்பதை நினைத்தால், இவ்வட்டாரத்தில் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட உழைப்பு முதலில் குடியேறிய ஊர் போத்தனூரே என்று கூறத் தோன்றுகிறது. உச்சி வெயிலில் எஞ்சினின் அடுப்புவாய்க்கு எதிரே நின்று கரி தள்ளிய பயர்மேனுக்கு வேப்பமர நிழல் ஏது? இடைவிடாத வேலையில் இருந்த ரயில்வே ஊழியருக்கு வாரம் 60 மணி என்னும் வரம்பு 1930-இல் சட்டமானபோதும், வண்டியோடு ஓடுகிறவர்கள் அதற்குப் புறம்பாகவே நிறுத்தப்பட்டனர்.

ஆலைகளின் கதை இதனினும் நுட்பமானது. ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை 1888-இல் கோயம்புத்தூரில் நூற்பாலையைத் தொடங்கிய மூன்றே ஆண்டுகளில், தொழிற்சாலைகளில் நண்பகலுக்கும் இரண்டு மணிக்கும் இடையே அரை மணி நேரம் வேலை முழுவதும் நிற்க வேண்டும் என்று 1891-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நூல் அறாமலிருக்க ஆலைக்குள் காற்றை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில், பஞ்சுத் தூசி மூக்கிலும் இமையிலும் படிய, அறுந்த இழையை விரல் நுனியால் ஒட்டிக்கொண்டே நடப்பவனுக்கு அந்த அரை மணி எம்மாத்திரம்? இந்தியத் தொழிலாளி இடையிடையே இயந்திரத்தை விட்டு வெளியே போய்விடுகிறான் என்று 1908-ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷன் எழுதி வைத்தது. அதனைச் சோம்பலென்று கொண்டவர் பலர். சட்டம் தரத் தவறிய ஓய்வைச் சரீரம் தானாகவே எடுத்துக்கொண்டது என்பதே என் துணிபு. உண்டபின் இரண்டு மணியளவில் உடல் தளர்வது மானிட இயற்கை. அதற்கு அபராதம் விதிப்பதில் நியாயமில்லை.

பின்னர்த் தேநீர் வந்தது. தேயிலை வரியைக்கொண்டு 1903 முதல் பிரசாரம் செய்துவந்த குழுவினர், முதல் உலகப் போரின் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகளை ஏற்படுத்தி, தொழிலாளர் அதைப் பருக நேரம் விடுமாறு முதலாளிகளை வற்புறுத்தினர். அவர்கள் கருதியது சரக்கின் விற்பனையை. எனினும் அதனால் உழைப்பாளிக்குக் கிடைத்த அச்சிறு பொழுது மெய்யான லாபம்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை தொடருமுன் அரை மணியாவது ஓய்வு, 250 பேருக்கு மேற்பட்ட ஆலையில் உணவுச்சாலை, 150 பேருக்கு மேற்பட்டால் இளைப்பாறும் கூடம் என்றெல்லாம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. பிற்பகலில் ஊக்கம் குறைகிறதென்று தம் ஊழியரைக் கடிந்துகொள்ளும் மேலாளர்கள், அந்த அரை மணியாவது குறையாமல் அவர்கள் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதை முதலில் விசாரித்தறிய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.