குள்ள மண்டலங்கள்: பிறவிக் குணமா, சூழலின் வேலையா?



வளைகுடாவின் அக்கரையில், பாரசீகத்து இஸ்பஹானில் வானை ஆராய்ந்தவர் அப்துல் ரஹ்மான் அல் சூஃபி. 964ஆம் ஆண்டில் எழுதிய நூலில், ஆண்ட்ரோமெடா பகுதியில் ஒரு சிறு மேகம் தெரிவதாகக் குறித்து வைத்தார். அது மேகமல்ல, 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள இன்னொரு விண்மீன் மண்டலம். அபுதாபியின் அல் குவா பாலைவனத்தில், நிலவில்லாத இரவில், இன்றும் அதை வெறுங்கண்ணால் காணலாம்.

தொலைநோக்கி இருந்தால் அதன் அருகே எம் 110 என்ற சிறு மண்டலமும் தெரியும். நீள்வட்டக் குள்ள மண்டலம் என்ற வகையைச் சேர்ந்தது அது. இவ்வகை மண்டலங்களில் வாயு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. புதிய விண்மீன்கள் பிறப்பது அரிது.

இவை எங்கே அதிகம்? நெருக்கடியான இடங்களில்தான். சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள கன்னிக் கூட்டத்தை பிங்கெலி, சாண்டேஜ், டம்மன் ஆகிய மூவர் 1985இல் பட்டியலிட்டபோது, அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானவை இந்தக் குள்ள மண்டலங்களாகவே இருந்தன. தனித்து ஒதுங்கியிருக்கும் குள்ள மண்டலங்களோ பெரும்பாலும் வாயு நிறைந்து, இன்னும் விண்மீன்களை ஈன்றுகொண்டிருக்கின்றன.

அப்படியானால் இவை பிறவியிலேயே இப்படியா, இடம் இப்படி ஆக்கியதா?

1972இல் கன், காட் என்ற இருவர் ஒரு விடை சொன்னார்கள். கூட்டத்தின் இடைவெளியெங்கும் கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு நிரம்பியிருக்கிறது. அதற்குள் விரைந்து நுழையும் மண்டலத்துக்கு அது எதிர்க்காற்று. காற்றே இல்லாத நாளிலும், ஓடும் பிக்கப்பின் பின்புறம் நிற்பவருக்குத் தலைத்துண்டு பறக்கிறதல்லவா? அதுபோல மண்டலத்தின் வாயு பறிபோகிறது. வாயு போனால் விண்மீன் பிறப்பும் நின்றுவிடும்.

1996இல் பென் மூரும் தோழர்களும் கணினி மூலம் இன்னொன்றைக் காட்டினார்கள். பெரிய மண்டலங்கள் அருகே கடந்து போகும்போதெல்லாம் ஈர்ப்பால் இழுத்துக் குலுக்க, தட்டையான சிறு மண்டலம் நாளடைவில் உருண்டு திரண்டு போகிறது.

இதற்குத் தடயம் உண்டா? உண்டு. கன்னிக் கூட்டத்தின் ஐசி 3328 என்ற நீள்வட்டக் குள்ள மண்டலத்துக்குள் மங்கலான சுருள் கைகள் ஒளிந்திருப்பதை 2000ஆம் ஆண்டில் கண்டார்கள். பழைய தட்டு வடிவத்தின் மிச்சம் அது. அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் பங்குகொண்ட 2021ஆம் ஆண்டு ஆய்வு, கோமா முதலிய கூட்டங்களில் அண்மையில் வாயுவைப் பறிகொடுத்த சிறு மண்டலங்களைக் காட்டியது.

எல்லாமே இப்படி மாறியவை என்று தீர்ப்பெழுத முடியாது. கூட்டம் உருவான காலத்திலேயே அங்கே பிறந்தவையும் இருக்கலாம்.

இருபது வருடம் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவரைப் பார்த்து, "இவர் சுபாவமே இப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். எங்கே இருந்தார், எதை இழந்தார் என்று கேட்டபிறகல்லவா சொல்ல வேண்டும்? விண்ணியல் அந்தக் கேள்வியைக் கேட்டது. விடையும் கிடைத்து வருகிறது.