காது கேட்காத ரசிகருக்கும் கோல் சத்தம்... அதிரும் சட்டை எப்படி வேலை செய்கிறது?

2024 ஏப்ரல் 13. இங்கிலாந்தின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் டோட்டன்ஹாம் அணியை 4-0 என வீழ்த்தியது நியூகாசில் யுனைடெட். அன்று கேலரியில் இருந்த காது கேளாத ரசிகர்கள் சிலர் ஸ்பெஷல் ஜெர்சி போட்டிருந்தார்கள். மைதானம் ஆர்ப்பரித்தபோது அந்த ஜெர்சி அவர்கள் உடம்பில் அதிர்ந்தது. கோல் விழுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு, கூட்டத்தோடு கூட்டமாக அந்த ஆரவாரத்தில் கலப்பது வேறு இல்லையா?

எப்படி வேலை செய்கிறது?

சைலன்ட் மோடில் போன் 'விர்'ரென்று அதிருமே, அதே சங்கதிதான். குட்டி மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் எடை இருக்கும். சுற்றும்போது சமநிலை தவறி அதிரும். இப்படிச் சில மோட்டார்களைத் துணிக்குள் வைத்துவிடுகிறார்கள். மைக் பிடிக்கும் சத்தத்தைக் கம்ப்யூட்டர் அதிர்வுக்கான சிக்னலாக மாற்றி, வயர்லெஸ்ஸில் சட்டைக்கு அனுப்பும்.

நிறைய மோட்டார் வைத்தால் நல்லதா?

அதுதான் இல்லை. விரல் நுனியில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தொட்டாலே இரண்டு புள்ளிகள் எனத் தெரிந்துவிடும். முதுகிலோ சுமார் 4 சென்டிமீட்டர் வேண்டும். நெருக்கி வைத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தோன்றும். அதோடு, சட்டை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். தொளதொள என்றால் அதிர்வு துணியோடு நின்றுவிடும். விடாமல் அதிர்ந்தாலும் சிக்கல். கையில் கட்டிய வாட்சைக் கொஞ்ச நேரத்தில் மறந்துபோவது போல, தோல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் விட்டு விட்டு அதிரச் செய்கிறார்கள். பேட்டரி, துவைப்பது எல்லாம் தனித் தலைவலி!

புது ஐடியாவா?

இல்லை. 1969-லேயே பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க விஞ்ஞானி, 400 அதிர்வு முனைகள் கொண்ட நாற்காலியை உருவாக்கினார். கேமரா பார்த்த காட்சியை, பார்வையற்றவர்கள் முதுகில் உணர்ந்தார்கள். லண்டனின் க்யூட்சர்க்யூட் நிறுவனம், தூரத்தில் இருப்பவருக்கு அணைப்பை அனுப்பும் 'ஹக் ஷர்ட்'டை உருவாக்கியது. 2006-ன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக டைம் இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. நம்ம ஹைதராபாத்தில் உருவான 'லே சல்' ஷூவும் இதே குடும்பம்தான். வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் வலது ஷூ அதிரும். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டத்தான் அந்த யோசனையே பிறந்தது.

எதைச் செய்யாது?

இந்த ஜெர்சி ஆரவாரத்தைச் சொல்லும், வார்த்தைகளைச் சொல்லாது. 'உடனே வெளியேறுங்கள்' என மைக்கில் அறிவித்தால், அதுவும் வெறும் அதிர்வாகத்தான் வந்து சேரும். எனவே திரையில் எழுத்தும் சைகை மொழியும் கட்டாயம் வேண்டும். சட்டை கொடுத்தாச்சு என்று அவற்றை விட்டுவிட்டால், கொண்டாட்டத்தில் சேர்ந்த ரசிகர் ஆபத்து நேரத்தில் தனியாகத்தான் நிற்பார்.