சேவலில் தொடங்கி செம்பூர் தொப்பை வரை

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம். செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக்கு ஒரு தம்பி என்னைக் கூப்பிட்டார். வயசு 36. கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. டீ வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். டெஸ்டோஸ்டிரோன் 238. கீழ் வரம்பு 300 என்று போட்டு, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'குறைவு'.

"அண்ணாச்சி, நீங்க மருந்துக் கம்பெனில இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். ஒரு கிளினிக்ல ஊசி போட்டா போதும்ங்காங்க. ஜிம் மாஸ்டரும் அதத்தான் சொல்லுதாரு. போட்டா எல்லாம் சரியாயிரும்லா?"

நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இருபது வருஷமாக மும்பையில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் அந்த ஊசியைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அவரிடம் யாரும் சொல்லாத விஷயம். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக் கொள்கிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள் :-)

1849. ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற ஊரில் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். காயடித்த சேவலுக்குக் கொண்டை சுருங்கும், கூவாது, சண்டைக்குப் போகாது. எடுத்த விதையை வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் வைத்துவிட்டால் மறுபடி கொண்டை சிவந்து கூவ ஆரம்பிக்கிறது! பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. அப்படியானால் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்துதான் இந்த வேலையைச் செய்கிறது என்று எழுதி வைத்தார். காளைக்குக் காயடித்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிதான் விஞ்ஞானம்.

அடுத்த கதைதான் ருசியானது. 1889-ல் பிரவுன் செக்கார் என்ற பெரிய டாக்டர், வயது 72, நாய் மற்றும் கினிப்பன்றியின் விதைகளை அரைத்து வடிகட்டித் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று பாரிஸில் அறிவித்தார். உலகமே பின்னால் ஓடியது. இத்தனைக்கும் அவர் வடிகட்டியது தண்ணீரில். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாது. ஊசிக்குள் இருந்தது நம்பிக்கை மட்டும்தான். 1920-களில் வோரோனாஃப் என்பவர் குரங்கின் விதையைச் சீவிப் பணக்காரர்களுக்கு ஒட்டு வைத்துக் காசு பார்த்தார்.

சரக்கு எதுவென்று தெரிய 1930-கள் வரை ஆயிற்று. 1931-ல் ஜெர்மனியில் பூட்டனான்ட் 15,000 லிட்டர் போலீஸ்காரர்களின் சிறுநீரைக் காய்ச்சி வடித்து, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு ஹார்மோனை 15 மில்லிகிராம் எடுத்தார். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் காளை விதையிலிருந்து அசல் பொருளைப் பிரித்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் பூட்டனான்டும், சுவிட்சர்லாந்தில் ருசிக்காவும் தனித்தனியாக அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். 1939 நோபல் பரிசு இருவருக்கும். ருசிக்கா எதிலிருந்து தயாரித்தார் தெரியுமா? நாம் எல்லோரும் திட்டித் தீர்க்கும் கொலஸ்ட்ராலில் இருந்து.

அப்போது பம்பாய் என்ன செய்துகொண்டிருந்தது? 1927 முதல் ஆர். டி. கார்வே மராத்தியில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' நடத்தினார். 1934-ல் டாக்டர் ஏ. பி. பிள்ளை இங்கிருந்து ஆங்கிலத்தில் 'மேரேஜ் ஹைஜீன்' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். படுக்கையறை விஷயத்தை விஞ்ஞானமாகப் பேசலாம் என்று துணிந்த ஊர் இது. அதே ஊரின் ரயில்பாதைச் சுவர்களில்தான் 'குப்த ரோக்' விளம்பரங்களும். தாது நஷ்டம், தாது புஷ்டி என்று பயமுறுத்தியே பிழைத்த கூட்டத்துக்குத் தமிழிலும் குறைவில்லை. அந்தப் பயத்துக்கே 1960-ல் டாக்டர் விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். நம் தம்பியின் கிளினிக் அந்தச் சுவர் விளம்பரத்தின் ஏசி போட்ட வாரிசு, அவ்வளவுதான்.

இனி தம்பியின் குடும்பக் கதை. இதுவும் சரித்திரம்தான்.

தாராவியில் முதல் டேனரி 1887-ல் வந்தது என்பார்கள். அதன் பின்னால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இவருடைய தாத்தா அதில் ஒருவர். ஈரத் தோலைத் தூக்கி, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுப் புரட்டி, மறுபடி தூக்கி, நாள் முழுக்க அதே வேலை. அப்பா, 1915-ல் தொடங்கிய மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். தாராவியிலிருந்து நடந்தே போய் நடந்தே வருவார். (மாட்டுங்கா என்றால் ஸ்டெனோவும் ஃபில்டர் காபியும் மட்டுமில்லை சாமி.) தம்பி கம்ப்யூட்டர். செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஃப்ளாட், வாசலில் ஆட்டோ, ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்கா கால், ஒரு மணிக்கு தூக்கம், ஆறரைக்கு எழுந்து லோக்கல் ரயில். மூன்று தலைமுறையில் குடும்பம் உட்கார்ந்துவிட்டது. உட்காரத்தானே அந்தத் தாத்தா தோல் தூக்கினார், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தாத்தாவுக்கு டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு இருந்தது என்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் 'அந்தக் காலத்து ஆம்பளை' வசனமெல்லாம் பேச மாட்டேன். தொப்பை என்ன செய்யும் என்று மட்டும் தெரியும். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. தொப்பையோடு சேர்ந்து வரும் இன்சுலின் கோளாறு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதத்தைக் குறைக்கிறது. அதனால் ரிப்போர்ட்டில் மொத்த எண் இறங்குகிறது. பருமன் முற்றினால் 'உற்பத்தி செய்' என்று மூளையிலிருந்து போகும் உத்தரவே மந்தமாகிவிடும். 2004-ல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் பரேஷ் தண்டோனா குழுவினர் டைப் 2 சர்க்கரை உள்ள 103 ஆண்களைப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு அளவு குறைவாக இருந்தது.

"நான் ஒண்ணும் குண்டு இல்லையே அண்ணாச்சி" என்றார் தம்பி. கை, கால் ஒல்லிதான். இங்கேதான் புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் யாஜ்னிக் வருகிறார். (நம்ம பரேல் கே.ஈ.எம். வேறு.) 2004-ல் அவரும் லண்டனைச் சேர்ந்த நண்பர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் 'லான்செட்'டில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. உடம்புக் கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! தராசு நம்மை ஏமாற்றும். அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. தம்பிக்கு 101.

நல்ல செய்தியும் உண்டு. 2013-ல் இத்தாலியின் கொரோனா குழுவினர் (வியாதி இல்லைங்க, டாக்டர் பேரு) பல ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சாப்பாட்டைக் குறைத்துப் பத்து சதவீத அளவு எடை இறக்கியவர்களுக்குச் சராசரியாக 80 போல ஏறியிருந்தது. அறுவை சிகிச்சையில் நிறைய இளைத்தவர்களுக்கு 250 போல. தூக்கமும் கணக்கில் உண்டு. 2011-ல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதில் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. அதற்காகப் பட்டினி கிடக்கவும் கூடாது. 1944-45-ல் மினசோட்டாவில் 36 வாலிபர்களை ஆறு மாதம் அரைவயிறாக வைத்தார்கள். எடையில் கால்வாசி போனது, பெண்ணாசையும் சேர்ந்தே போனது.

இப்போது அந்த ஊசி. விந்தணு உற்பத்திக்கு விதைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் சுரந்தாக வேண்டும். வெளியிலிருந்து ஊற்றினால் மூளை 'சரக்கு நிறைய இருக்கிறது' என்று நினைத்து விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். ரிப்போர்ட்டில் எண் ஏறும், விந்தணு படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை 7 நாடுகளில் 271 ஆண்களுக்கு வாராவாரம் போட்டு 1990-ல் முடிவை வெளியிட்டது. எதற்காக? கருத்தடைக்காக! விந்தணு பூஜ்யமாகி, வேறு தடுப்பில்லாமல் ஊசியை மட்டும் நம்பும் கட்டத்துக்குப் போனவர்கள் 157 பேர். அதில் ஒரே ஒரு கர்ப்பம்.

தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டார். "பிள்ளை வேணும்னு போறவனுக்கா அண்ணாச்சி இதப் போடச் சொன்னாங்க?"

ஊசியே தப்பு என்று சொல்லவில்லை. விதையோ பிட்யூட்டரியோ நிஜமாகப் பழுதானவர்களுக்கு அது வேண்டியதுதான். 2021-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், தொப்பையுள்ள ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு எடைக் குறைப்போடு ஊசியும் சேர்த்ததில் இரண்டு வருஷத்தில் சர்க்கரை நோய் 21-லிருந்து 12 சதவீதமாக இறங்கியது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு ரத்தம் தடித்துப்போனது. அது தாத்தாக்கள் கணக்கு. குழந்தைக்குக் காத்திருக்கும் 36 வயசுக்காரர் கணக்கு வேறு. அவர் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் சாயந்திரம் 5.40. இதைக் காலையில் வெறும் வயிற்றில், இரண்டு தடவை பார்க்க வேண்டும். விந்துப் பரிசோதனை நடக்கவே இல்லை. மனைவிக்கு மட்டும் மூன்று வருஷமாக எல்லா டெஸ்டும் எடுத்திருந்தார்கள்.

அப்புறம் ஒழுங்கான சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் இருவருமாகப் போனார்கள். காலை ரத்தத்தில் 271. விந்தணு எண்ணிக்கை சுமார், ஆனால் இருந்தது. ராத்திரி கால் வேறு டீமுக்கு மாறியது. அதற்கு மேனேஜரிடம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். சோற்றைப் பாதியாக்கி, பருப்பும் முட்டையும் கூட்டினார். பத்து மாதத்தில் ஒன்பது கிலோ. போன மாதம் 342. வீட்டில் இன்னும் விசேஷம் இல்லை, டாக்டர் இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

தினமும் காலை டைமண்ட் கார்டனில் நடக்கிறார். மாட்டுங்கா பணிமனையில் ரிட்டயரான அப்பாவும் கூட வருகிறார். மூன்றாவது சுற்றில் அப்பா முந்திவிடுகிறாராம்.