பொஸ்டன் நகரத்துப் போஞ்சிச் சட்டியும் நம் வீட்டுப் பெருநாளும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், கடையில டின்ல விக்கிற பேக்ட் பீன்ஸ் ஹலாலா?" அதற்குப் பதில் தேடப் போனவன், முந்நூறு நானூறு வருட வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். அதைத்தான் பகிர்கிறேன்.

அந்த டின்னுக்குள் இருப்பது புதுமையான ஒன்றல்ல. நாம் சந்தையில் வாங்கும் அதே போஞ்சி இனத்தின் முற்றிக் காய்ந்த விதைதான். அதன் தாயகம் அமெரிக்கா. 1492 இல் கொலம்பஸ் அங்கு போகும்வரை நம் பக்கத்தில் யாரும் அதைக் கண்டதில்லை. 'போஞ்சி' என்ற பெயரும் நம்முடையதல்ல. டச்சுக்காரர் அவரைவிதைக்குச் சொல்லும் சொல் சிங்களத்துக்குள் போய், அங்கிருந்து நம் நாவிலும் ஏறிவிட்டது.

வடகிழக்கு அமெரிக்காவின் பூர்வகுடிகள் சோளம், போஞ்சி, பூசணி மூன்றையும் ஒன்றாக நட்டார்கள். சோளத் தண்டில் போஞ்சிக் கொடி ஏறும். போஞ்சியின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை நிலத்தை மூடிக் காக்கும். மெய்ன் மாநிலத்தில் இன்றும் குழி தோண்டி, விறகெரித்துத் தணலாக்கி, போஞ்சிச் சட்டியை உள்ளே இறக்கி, மண்ணால் மூடி இரவு முழுக்க வேகவிடும் வழக்கம் உண்டு. அது பெனொப்ஸ்கொட் பூர்வகுடிகளின் முறையாகவே அறியப்படுகிறது.

1630 இல் இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் பொஸ்டன் நகரை அமைத்தார்கள். மார்க்க விடயத்தில் மிகவும் இறுக்கமானவர்கள். அவர்களுடைய புனித நாள் ஞாயிறு. ஆனால் அது சனிக்கிழமை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். நாம் வியாழன் பின்னேரம் மஃரிபோடு 'வெள்ளி இரவு' என்கிறோமே, அதே கணக்கு. அந்த நாளில் உழைப்பு கூடாது. சமையலும் உழைப்புத்தான்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன வழி? வெள்ளி இரவே போஞ்சி விதையை ஊறப்போட்டார்கள். சனி காலையில் அவித்து, வாய் ஒடுங்கி வயிறு பருத்த மண்சட்டியில் இட்டு, உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டோடு செங்கல் போறணைக்குள் தள்ளினார்கள். வாய் ஒடுக்கமாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. பொழுது சாயும்போது இரவுச் சாப்பாடு தயார். மிச்சம் ஞாயிறு வரை போறணையின் சூட்டிலேயே இருக்கும். வீட்டில் போறணை இல்லாதவர்களின் சட்டிகளைப் பேக்கரிக்காரர் வந்து வாங்கிப்போய், வெந்ததும் ரொட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். பொஸ்டனுக்குப் 'பீன்ஸ் ஊர்' என்ற பட்டப்பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இன்று அந்த உணவு கரும்புப் பாணியின் இனிப்போடு கறுத்துப்போய் இருக்கும். ஆனால் 1829 இல் லிடியா மரியா சைல்ட் என்ற பெண்மணி எழுதிய சிக்கனச் சமையல் நூலிலுள்ள குறிப்பில் பாணி இல்லை. போஞ்சி, பன்றி இறைச்சி, கொஞ்சம் மிளகுதூள், தண்ணீர், அவ்வளவுதான். பாணி பிறகுதான் இந்தச் சட்டிக்குள் நிரந்தர இடம் பிடித்தது. அது சமையலுக்கும் உதவியது. பாணி சேர்ந்தால் விதை எவ்வளவு நேரம் வெந்தாலும் கரைந்து களியாகாது.

அந்தப் பாணி எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. அங்கே உழைத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அறுவடைக் காலத்தில் கரும்புச்சாறு காய்ச்சும் கொட்டில்களில் இரவும் பகலும் நெருப்பு அணையாது. பொஸ்டன் வணிகர்கள் அந்தப் பாணியை இறக்கி ரம் வடித்துச் செல்வம் சேர்த்தார்கள். ஓய்வுநாளைப் பேணிய ஒரு சமூகத்தின் செல்வம், ஓய்வே அறியாத மனிதர்களின் வியர்வையிலும் நின்றது. அதே லிடியா சைல்ட் 1833 இல் அடிமை முறைக்கு எதிராகவும் ஒரு நூல் எழுதினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். ஹைன்ஸ் நிறுவனத்தின் டின் பீன்ஸ் பிரித்தானியாவிலும் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தபோது பிரித்தானிய டின்னிலிருந்து பன்றி இறைச்சி எடுக்கப்பட்டது. இன்று தக்காளிச் சோஸில் வருவது அந்த வகைதான். அமெரிக்காவிலிருந்து வரும் பல டின்களில் பன்றி இறைச்சி இன்னும் உண்டு. ஆகவே மகனே, லேபலை வாசித்துவிட்டு வாங்கு.

ஆனால் அவன் கேட்காத ஒரு கேள்வி என் மனதில் நின்றுவிட்டது. புனித நாளில் சமைப்பவருக்கும் அந்த நாள் உண்டா?

அந்தச் சட்டி பதில் சொல்கிறது. முதல் நாளே அடுப்பில் ஏற்றிவிட்டால், மறுநாள் வீட்டுப் பெண்ணும் மற்றவர்களோடு உட்காரலாம். யூதர்களும் தங்கள் சனிக்கிழமைக்காக ஹமீன் என்ற உணவை வெள்ளியன்றே அடுப்பேற்றி இரவு முழுக்கச் சூட்டில் வைத்தார்கள். நம் மார்க்கத்து மொரோக்கோவிலும் ஒன்று உண்டு. மராக்கிஷ் நகரத்துத் தன்ஜியா. தொழிலாளிகள் இறைச்சியை மண்குடத்தில் அடைத்து, பொதுக் குளியலகத்தின் நெருப்புக்குரிய சாம்பலில் புதைத்து வேகவிடுவார்கள். வெள்ளிக்கிழமை கூடிச் சாப்பிடுவார்கள். அதைச் சமைப்பது வழமையாக ஆண்கள்.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். நமக்குப் பெருநாளில் சமைக்கத் தடையில்லை, உண்மைதான். ஆனால் சுபஹுக்கு முன்பே அடுப்படிக்குப் போகும் உம்மா, ராத்தா, மாமிமார் எப்போது வெளியே வருகிறார்கள்? சென்ற பெருநாளில் எங்கள் வீட்டில் இருபத்தைந்து பேருக்கு மேல் கூடினோம். எடுத்த போட்டோக்களை இரவில் பார்த்தேன். ஒன்றில்கூட உம்மா இல்லை. "புரியாணி நல்லாருக்கு உம்மா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் போட்டவன் நான்தான்.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியை அண்டாவில் காய்ச்சும் ஆண்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆகவே நமக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது.

இன்ஷா அல்லாஹ் அடுத்த பெருநாளுக்கு முதல் நாள் இரவு, நானும் நானாவும் அடுப்படியில் நிற்பதாக முடிவெடுத்திருக்கிறோம். காய்ந்த போஞ்சி விதையை முதல் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவைத்து, பிறகு மாட்டிறைச்சி, வெங்காயம், மிளகு, கொஞ்சம் கித்துள் பாணியோடு மெல்லிய நெருப்பில் ஆறேழு மணித்தியாலம் விடப்போகிறோம். காலையில் சூடாக்கினால் போதும். சரிவராவிட்டால் பாணும் பருப்பும் இருக்கிறது. உம்மாவும் எங்களோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் முக்கியம்.

உங்கள் வீட்டில் பெருநாளன்று கடைசியாகச் சாப்பிடுவது யார்? கீழே எழுதுங்கள்.

அல்லாஹ் நம் உம்மாமாருக்கு ஆரோக்கியத்தையும் நிம்மதியையும் தருவானாக. ஆமீன்.