குற்றாலத்துக் கேள்வியும் கோபல்ல நினைவும்

தென்காசி விசுவநாதர் கோயிலில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் வெட்டுவித்த தமிழ்ப் பாடல்கள் கல்வெட்டாராய்வார் நன்கறிந்தவை. 1446-இல் அக்கோயிற்றிருப்பணியைத் தொடங்கிய அம்மன்னன், பிற்காலத்தே கோயிலுக்கு ஊறு நேருமாயின் அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக அவற்றுள் ஒன்றிற் கூறுகின்றான். வெற்றியும் கொடையும் அடுக்கிச் செல்லும் மெய்க்கீர்த்திகளைப் பயின்ற நமக்கு, மன்னனொருவன் தன் அச்சத்தைத் தானே வாய்விட்டுரைக்கும் இவ்விடம் வியப்பளிக்கின்றது. எனினும் அஃது ஒரு வேண்டுகோளாகவே நின்றது, கதையாக வளரவில்லை. தனி மனிதர் நெஞ்சிற் கிடக்கும் நினைவு கதையாக வளர்தற்குக் கேட்போரும் வேண்டும். அத்தகைய கேள்விக் களம் ஒன்று, தென்காசியை அடுத்த குற்றாலத்தில் இருபதாம் நூற்றாண்டில் அமைந்திருந்தது. அதன் வழிவந்த கதை நூலொன்றை ஈண்டு ஆராய்வோம்.

இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இந்து அறநிலைய வாரிய ஆணையாளராகப் பணியாற்றி ஓய்வுற்றபின் குற்றாலத்தில் தங்கி, 1954-இல் மறையும் வரை அங்கே வாழ்ந்தார். அதன்முன் திருநெல்வேலியில் அவர்தம் இல்லத்திற் கூடிய 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூட்டம் பலரும் அறிந்தது. குற்றாலத்திலும் அவ்வழக்கமே தொடர்ந்தது. சாரற்காலத்தில் அருவியாட வந்தோரும் அவரைக் காணவே வந்தோரும் அங்கே கம்பன் பாடல்களைக் கேட்டனர்.

கம்பராமாயணத்திற் பல பாடல்களை இடைச்செருகல் என நீக்கியும் சிலவற்றின் சொற்களைத் திருத்தியும் அவர் செய்த பதிப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஏட்டுச் சான்றினும் தம் செவிச் சான்றையே அவர் பெரிதாகக் கொண்டார்; பதிப்பு நெறிக்கு அது பொருந்தாது. ஆயின் அக்குறைக்குக் காரணமான அதே இயல்புதான் வேறொரு துறையில் நன்மை விளைத்தது. பாட்டின் உயிர் அதன் ஓசையிலும் உணர்ச்சி உருவத்திலும் உள்ளதென்றும், மக்கள் நாவில் வழங்கும் தமிழ் இழிந்ததன்றென்றும் அவர் விடாது வற்புறுத்தினார். புலவர் உலகம் கொச்சை என ஒதுக்கிய பேச்சுக்குக் கற்றறிந்தார் ஒருவர் செவிசாய்த்தது அக்காலத்தில் சிறு செயலன்று.

அவர்பால் ஈடுபாடு கொண்டு குற்றாலம் சென்றோருள் கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த இளைஞர் இருவர் குறிக்கத்தக்கவர்: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். இருவரும் ஓரூரார், இளமைத் தோழர், வீட்டில் தெலுங்கு பேசுவோர். அழகிரிசாமி சென்னைக்கும், பின் மலேயாவுக்கும் சென்று இதழாசிரியராயினார். ராஜநாராயணனோ பள்ளிப்படிப்பு மிகுதியும் இன்றிக் கரிசல் நிலத்தில் உழவராகவே இருந்தார். அவர் சிறுகதை எழுதத் தொடங்கியது 1950-களின் பிற்பகுதியில்தான். 'கோபல்ல கிராமம்' நூலாக வெளிவந்தது 1976-இல்.

தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சிப் புறப்பட்ட குடும்பம் ஒன்று தெற்கே வந்து, காட்டை அழித்து ஊராக்கிய வரலாறே இந்நாவலின் உள்ளீடு. குடிப்பெண்ணாகிய சென்னாதேவியின் அழகைக் கேள்வியுற்ற முசுலிம் அரசன் அவளை விரும்ப, உறவினர் இரவோடிரவாக வெளியேறுகின்றனர். பகைவர் பின்தொடர, குறுக்கே ஆறு பெருகி நிற்க, கரைமரம் வளைந்து வழிவிடுகின்றது. ஆசிரியர் இதனைத் தம் கூற்றாகவே நடத்திச் செல்லாமல், நூறாண்டு கடந்த மூதாட்டி மங்கத்தாயாரு அம்மாளின் வாயில் வைத்தார். அவளைச் சூழ்ந்து அவள் வழியினர் அமர்ந்து கேட்கின்றனர்.

இதனை ஆசிரியரின் குடும்ப நினைவு என்று பலர் எழுதினர். அக்கூற்றை அப்படியே கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில், தொட்டியர் குடியேற்றக் கதையாக இதனையொத்த செய்தியே காணப்படுகின்றது. அங்கும் முசுலிம் அரசன் பெண் கேட்கின்றான். ஓடிவந்தோர் ஆற்றங்கரையில் நின்று தவிக்க, இருகரையிலும் நின்ற புங்கமரங்கள் வளைந்து பாலமாகின்றன. எனவே ஓர் இல்லத்தார் தமக்கே உரியதெனப் போற்றிய நினைவு, பல குடிகளுக்குப் பொதுவான பழங்கதை என்பது பெறப்படும். ஆற்றைக் கடந்தோர் யார், எந்த ஆண்டில் என்று இதனைக் கொண்டு வரலாறு எழுதப் புகுவார் ஏமாறுவர். விசயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் தெலுங்கு மக்கள் தென்பாண்டி நாட்டிற் குடியேறியமைக்கு வேறு சான்றுகள் உள. அதற்கு இம்மரம் சாட்சி கூற வேண்டுவதில்லை.

இங்குதான் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து எழுகின்றது. தனி நினைவைப் படைப்பாளன் கலையாக்குகின்றான் என்று பொதுவாகக் கூறுகிறோம். நினைவு மண் என்றும் கலை குடம் என்றும் கருதிக்கொள்கிறோம். ராஜநாராயணன் கைக்கு வந்ததோ, தலைமுறை பல சொல்லிச் சொல்லி வனைந்து சுட்ட குடம். அவர் செய்த பணி அதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்தது: பொதுக்கதையை மீண்டும் ஒருவருடைய நினைவாக்கினார். பலர் வாயில் வழங்கியதற்கு ஒரு பாட்டியின் குரல், அவள் மறதி, அவள் பெருமிதம் ஆகியவற்றைக் கொடுத்தார். தர்ஸ்டன் பதிவில் மரம் வளைந்தது ஒரு செய்தி. நாவலில் அதனைச் சொல்பவளின் நம்பிக்கை நம் கண்முன் நிற்கின்றது. நம்புவதா என்னும் வினாவையே கேட்போர் மறந்துவிடுகின்றனர்.

மொழி மாற்றமும் இதனோடு சேர்த்து எண்ணற்பாலது. தெலுங்கு பேசும் இல்லத்து நினைவு கரிசற்காட்டுத் தமிழில் எழுதப்பெற்றது. எழுத்துத் தமிழில் அது மொழிபெயர்ப்பாகவே ஒலித்திருக்கும். பேச்சுத் தமிழை இலக்கியத் தகுதியுடையதாகக் கேட்கும் செவி ஒன்றனைக் குற்றாலத்தில் இவ்வாசிரியர் கண்டிருந்தார் என்பதை இவ்விடத்தில் நினைக்காதிருத்தல் இயலாது. இரசிகமணி அவருக்கு நாவல் எழுதக் கற்பித்தாரல்லர். உரைநடைப் புனைகதை அக்கூட்டத்தின் முதற்பொருளும் அன்று. சொல்லும் வாய்க்கு மதிப்புண்டு என்னும் துணிவே அங்குப் பெற்றது. 1982-இல் அவர் வெளிக்கொணர்ந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் அத்துணிவின் வழியதே எனலாம்.

இதற்கு மறுதலையாக 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் பின்னை நாவலைக் காண்க. 1991-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்நூல் விடுதலைப் போராட்டக் காலம் வரை வருகின்றது. ஆசிரியர் தாமே கண்டும் கேட்டும் அறிந்த காலம் அது. நினைவு மிகவும் அண்மையது. ஆயினும் முன்னை நூலின் கட்டுக்கோப்பு இதன் பிற்பகுதியில் இல்லை என்பது எம் கருத்து. பல இடங்களில் நாட்குறிப்பின் தன்மை மேலோங்குகின்றது. பரிசினை அளவுகோலாகக் கொள்வார் இதற்கு உடன்படார். தமக்கு நேர்ந்ததை எழுதும்போது இவ்வாசிரியர்க்கு மூதாட்டி ஒருத்தி இடையில் இல்லாது போயினாள் என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகத் தோன்றுகின்றது.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றுப் பேராசிரியராக அமர்ந்து, கதை சொல்வாரைத் தேடித் தொகுத்த அவர் 2021-இல் மறைந்தார். குற்றாலத்திற் கேட்டுப் பழகிய அவ்விளைஞர் தாமே சொல்லத் தொடங்கியபோது, அவரைக் கேட்டிருக்க வேண்டிய இரசிகமணி உயிருடன் இல்லை. முதற் சிறுகதை அச்சேறுதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவர் காலமாகிவிட்டார்.