கலப்பையைக் கேள்வி கேட்ட விமானி

கொல்லிமலையில் நல்ல மழை பெய்த மறுநாள் அங்குள்ள ஓடைகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். காட்டிலிருந்து இறங்கும் ஓடையின் நீர் ஏறக்குறையத் தெளிந்திருக்கும். உழுத சரிவிலிருந்து இறங்கும் நீரோ செம்மண் குழம்பாக ஓடும். முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் மிகுதியாக விளைந்து, இப்போது பெரும்பகுதி மரவள்ளி பயிராகும் வயல்களின் மேல்மண்தான் அந்தக் குழம்பு. மரவள்ளியைக் கிழங்குக்காகப் பிடுங்கும்போது மண் மேலும் இளகிவிடுகிறது. கீழே போன மண் மறுபடி மலையேறுவதில்லை.

மழைக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீரின் எடை 500 டன். துளிகள் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுவதாகக் கொண்டால், அவற்றின் மொத்த இயக்க ஆற்றல் 1 கோடியே 20 லட்சம் ஜூலுக்குச் சற்று அதிகம். அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாம் ஏறும் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஒரு டன் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ 1 கோடி ஜூல் போதும். ஒரு டன் பாரத்தை மலைமேல் ஏற்றக்கூடிய ஆற்றல், ஒரே மழையில், இரண்டரை ஏக்கர் மண்ணின்மேல் அடியாக விழுகிறது என்று பொருள்.

காட்டில் அந்த அடியைத் தழைகளும் சருகும் வாங்கிக்கொள்கின்றன. உழுத நிலத்தில் மண்ணே வாங்குகிறது. அப்படியானால் நாம் ஏன் உழுகிறோம்? குறிப்பாக, சரிவான நிலத்தை ஏன் உழ வேண்டும்?

இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் விடாமல் கேட்டவர்களில் ஒருவர், உழவு இயந்திரம் செய்து புகழ் பெற்ற பொறியாளர் என்பது வியப்புக்குரியது. இலங்கையைச் சேர்ந்த ரே விஜேவர்தனதான் அவர். வானில் பறப்பதும் புதியன ஆக்குவதும் அவருடைய இரு பெரும் விருப்பங்கள். கொல்லிமலை போன்ற மலைநாடுகளில் பயிரிடுவோர் அவரை அறிந்துகொள்ள வேண்டிய காரணம் இருக்கிறது.

விண்ணும் கடலும்

ரே விஜேவர்தன 1924-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் பிறந்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் பொறியியல் பயின்றார். விமானம், வேளாண்மை ஆகிய இரு துறைகளின் பொறியியலிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துறைகள் என்று நமக்குத் தோன்றலாம். அவருடைய வாழ்க்கையில் அவை ஒன்றையொன்று வளர்த்தன.

சாதாரண விமானம், ஹெலிகாப்டர், ஆட்டோஜைரோ ஆகிய மூன்றையும் ஓட்டத் தெரிந்தவர் அவர். சிறிய, எடை குறைந்த விமானங்களைத் தம் கைகளாலேயே கட்டி, தாமே அவற்றில் ஏறிப் பறந்து சோதித்தார். கடலில் பாய்மரப் படகோட்டுவதிலும் வல்லவர். 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் பாய்மரப் படகுப் பிரிவில் தம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டார். காற்றை எதிர்த்துச் செல்லும் படகின் பாய் என்பது, நிமிர்த்தி வைத்த விமான இறக்கையே என்பதை இயற்பியல் மாணவர்கள் அறிவர். ஆகவே, அவர் கடலிலும் பறந்துகொண்டுதான் இருந்தார் எனலாம்.

ஆட்டோஜைரோ பற்றிச் சில சொற்கள். இதனைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டின் ஹுவான் டி லா சியர்வா. முதலில் பறந்த ஆண்டு 1923. பார்வைக்கு இது ஹெலிகாப்டர்போல் இருக்கும். ஆனால் தலைக்கு மேலுள்ள சுழலியை எந்த எஞ்சினும் சுழற்றுவதில்லை. எஞ்சின் வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் சுழலியின் ஊடாகக் காற்று கீழிருந்து மேலாகப் பாய்ந்து, அதைத் தானாகச் சுழலச் செய்கிறது. மகோகனி மரத்தின் சிறகு விதை சுழன்று சுழன்று மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தத்துவம் அதுவேதான். எஞ்சின் நின்றுபோனாலும் சுழலி நிற்பதில்லை. வண்டி மெதுவாகத் தரையிறங்கும்.

'லேண்ட்மாஸ்டர்' பிறந்த கதை

இலங்கையின் தமிழ் உழவர்களிடம் 'லேண்ட்மாஸ்டர்' என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. உழவன் பின்னால் நடந்தபடி கைப்பிடிகளைப் பற்றி ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நம் ஊரில் அதைப் 'பவர் டில்லர்' என்கிறோம். இவ்வகை இயந்திரங்கள் மேலை நாடுகளில் முன்பே இருந்தன. ஆனால் வெப்ப மண்டலத்துச் சேற்று வயலுக்கும் சிறு உழவனின் கைக்கும் ஏற்ற இயந்திரம் தேவைப்பட்டது. 1955-ஆம் ஆண்டு வாக்கில் ரே விஜேவர்தன வடிவமைத்ததே 'லேண்ட்மாஸ்டர்'. அது இங்கிலாந்தில் உற்பத்தியாகிப் பல நாடுகளுக்குச் சென்றது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு ஹெக்டேர் நிலத்தை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் சால் பிடித்து ஒரு முறை உழ வேண்டுமானால், ஏரின் பின்னே 50 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புரட்டும் மண்ணின் எடையோ ஏறத்தாழ 2,000 டன்! மனித உடலாலும் மாட்டு உடலாலும் செய்துவந்த இந்தப் பெரும் உழைப்பை ஒரு சிறு எஞ்சின் ஏற்றுக்கொண்டது. பின்னால் ஒரு பெட்டியை இணைத்தால் சந்தைக்கு மூட்டை சுமக்கவும் அது உதவியது.

இயந்திர எருமை

இந்த வெற்றியுடன் பலர் மனநிறைவு அடைந்திருப்பர். ரே விஜேவர்தன அடையவில்லை. அவர் தம் இயந்திரத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஒரு சமயம், அவையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. நீங்கள் இயந்திரமயமாக்கியது வேளாண்மையையா, எருமையையா என்பதே அதன் சாரம். அக்கேள்வி அவரை உலுக்கியது. தாம் எருமையைத்தான் இயந்திரமாக்கியிருக்கிறோம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பின்னாளில் இதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியும் வந்தார்.

எருமை இழுத்ததை எஞ்சின் இழுக்கிறது. ஆனால் கலப்பை அப்படியே இருக்கிறது. எருமை புல்லைத் தின்று சாணம் தந்தது, பால் தந்தது, கன்றும் ஈன்றது. எஞ்சினோ அயல்நாட்டு எண்ணெயைக் குடிக்கிறது; கன்று ஈனுவதில்லை. அப்படியிருக்க, இழுப்பவனை மாற்றுவதற்கு முன்னால், இழுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டாமா?

விமானம் கட்டுபவனுக்கு இக்கேள்வி இயல்பானது. வானூர்தியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் தன் இருப்புக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாத பொருள் தரையிலேயே நின்றுவிடும். அதே கண்டிப்பை அவர் கலப்பையிடமும் காட்டினார் என்று எண்ணத் தோன்றுகிறது. கலப்பையே, நீ எதற்காக?

விடை எளிதாக இருந்தது. பெரும்பாலும் களையை அடக்கவே உழுகிறோம். குளிர்நாடுகளில் உழவுக்கு மற்றொரு பயனும் உண்டு. பனிக்காலம் கழிந்தபின் புரட்டிய மண் விரைவில் சூடேறும். நம் மண்ணுக்குச் சூடு போதாதென்று யாரும் குறை கூறுவதில்லை. இங்கு வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் மண்ணைக் காப்பதே பெரிய வேலை. அமெரிக்காவிலேகூட 1930-களில் உழுது வெறுமையாக்கிய சமவெளிகளிலிருந்து மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்தது. 1943-இல் எட்வர்டு ஃபாக்னர் என்பவர் உழவையே குறை கூறி எழுதிய நூல் அந்நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

உழாமல் விதைத்தல்

1970-களில் ரே விஜேவர்தன நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையத்தில் பணியாற்றினார். அக்காலத்தில் அந்நிலையத்தில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மண்ணியலாளர் ரத்தன் லாலும் இருந்தார். 2020-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்றவர் இவரே. முந்திய பயிரின் தாளும் தழையும் நிலத்தை மூடியிருக்க, மண்ணைப் புரட்டாமல் விதைக்கும் முறை அங்கு ஆராயப்பட்டது.

அதற்குக் கருவி வேண்டுமே! கலப்பையின்றி, மூடாக்கின் ஊடே விதையை மண்ணுக்குள் செலுத்துவது எப்படி? ரே விஜேவர்தனவின் விடை, உருட்டிச் செல்லும் ஒரு சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிப் பறவை அலகுபோன்ற கூர்முனைகள் இருக்கும். சக்கரம் உருளும்போது ஒவ்வோர் அலகும் தழையைத் துளைத்து மண்ணில் இறங்கி, வாய் திறந்து விதையை விட்டுவிட்டு வெளியேறும். உழவன் நடந்தபடியே தள்ளலாம். எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, 2,000 டன் மண்ணைப் புரட்டும் வேலையும் இல்லை.

இம்முறையில் இடர் இல்லாமல் இல்லை. உழவு அடக்கிய களையை வேறொன்று அடக்க வேண்டும். களைக்கொல்லி மருந்தை நம்பினால் செலவும் நஞ்சும் கூடும். ஆகவே தடித்த தழை மூடாக்கே சிறந்த வழி. அவ்வளவு தழைக்கு எங்கே போவது?

சரிவில் ஓர் உயிர்வேலி

இலங்கை திரும்பியபின் அவர் மேற்கொண்ட பணி இக்கேள்விக்கு விடையாக அமைந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவில் 1970-களில் உருவான சரிவு நிலப் பயிர்முறையை அவர் தம் நாட்டுக்கு ஏற்பப் பரப்பினார். மலைச்சரிவில் ஒரே மட்டத்தில் உள்ள இடங்களை இணைத்து ஒரு கோடு இழுத்து, அக்கோட்டின்மேல் நெருக்கமாக மரவேலி நடுவதே இம்முறை. வேலிகளுக்கு இடைப்பட்ட பட்டைகளில் பயிர் விளையும்.

வேலிக்கு அவர் விரும்பிய மரம் கிளைரிசிடியா. ஈழத் தமிழர் இதைச் சீமைக்கிளுவை என்பர். போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர்முண்டுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக மாற்றித் தரும். ஆண்டுக்குச் சில முறை கவாத்து செய்து, தழையை இடைப்பட்டைகளில் பரப்பினால் அதுவே மூடாக்கு, அதுவே எரு. ஓடிவரும் நீரை வேலி தடுக்க, நீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் மண்ணைக் கீழே போட்டுவிடுகிறது. சில ஆண்டுகளில் வேலிக்கு மேற்புறம் மண் சேர்ந்து, சரிவு தானாகவே படிக்கட்டு வயலாக மாறத் தொடங்கும். மனிதன் வெட்ட வேண்டிய படியை மழையே கட்டித் தருகிறது!

மிஞ்சும் கொம்புகள் விறகாகும். இவ்விறகைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்று அவர் விடாது வாதாடினார். தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராகக் கிளைரிசிடியாவை 2005-ஆம் ஆண்டு இலங்கை அரசு ஏற்றது. சிலாபத்தை அடுத்த காக்கப்பள்ளியில் இருந்த தம் தென்னந்தோட்டத்தில் இக்கருத்துகளை அவரே செய்து பார்த்தார். மற்றவர்களுக்குச் சொல்லும் முன் தாம் பறந்து பார்ப்பது விமானியின் வழக்கம் அல்லவா?

வீட்டுக்கும் நாட்டுக்கும்

ரே விஜேவர்தன குடும்பப் பற்று மிக்கவர். மூன்று பெண் மக்களின் தந்தை. மகள்களில் ஒருவரான அனோமா விஜேவர்தன புகழ் பெற்ற ஓவியர். தந்தை இயந்திரங்களில் தேடிய புதுமையை மகள் வண்ணங்களில் தேடினார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் பதவி உட்படப் பல சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. ஆயினும் தம்மை உழவன் என்றும் இயந்திரக்காரன் என்றும் சொல்லிக்கொள்வதே அவருக்குப் பிடித்திருந்தது. முதுமையிலும் பறப்பதை விடவில்லை. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள், 86-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களே இருக்கையில், அவர் மறைந்தார். அவருடைய குடும்பத்தார் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, புதியன ஆக்குவோருக்கு விருது வழங்க வகை செய்தனர். அவருடைய எழுத்துகளையும் தொகுத்து அனைவரும் படிக்க வைத்தனர்.

இயந்திரம் ஆக்கியவர் உலகில் பலர். தம் இயந்திரம் வெற்றி பெற்ற பின்னர், அது எதற்காக என்று தம்மையே கேட்டுக்கொண்டவர் சிலர். கேள்விக்குக் கிடைத்த விடை தமக்கு எதிராக இருந்தபோதும் அதன்படி நடந்தவர் மிகச் சிலர். ரே விஜேவர்தனவை நாம் நினைவுகூர வேண்டியது இதற்காகவே.

சரிவில் சம மட்டக் கோடு காண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூன்று மூங்கில் கழிகள், ஒரு கயிறு, ஒரு கல் போதும். இரண்டு கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டிக் கால்களை விரித்து, நடுவே மூன்றாவதைக் குறுக்காகக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி, குறுக்குக் கழியில் கயிறு தொடும் இடத்தைக் குறியுங்கள். இரு கால்களின் இடங்களையும் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டக்குறி. கயிறு அதன்மேல் நிற்கும்படி ஒரு காலை ஊன்றி, மறுகாலை நகர்த்தி நகர்த்திச் சென்றால் மலைச்சரிவில் சம மட்டக் கோடு தானே விரியும். கொல்லிமலையின் எந்தப் பள்ளி மாணவரும் இதை ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். அந்தக் கோட்டின்மேல் ஊன்றப்படும் ஒவ்வொரு போத்தும் ஒரு கைப்பிடி மண்ணை மலையிலேயே நிறுத்தி வைக்கும்.