ஏற்றுமதி ஆடைத் தொழிலும் மட்டக்களப்புத் தொழிலாளரும்

இலங்கையின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் கட்டுநாயக்கவில் அமைந்தது. ஷென்செனைச் சீனா சிறப்புப் பொருளாதார வலயமாக்கியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். கட்டுநாயக்கவில் தையலுக்கு உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்து இளம்பெண்கள். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களிலிருந்து பெண்கள் திரளாகப் புறப்பட்டது 2009இல் யுத்தம் ஓய்ந்த பிறகு. அதுவரை சோதனைச் சாவடிகளும் தனியே தங்கும் பயமும் வழிமறித்தன.

ஆலைக்குள் ஒரு ‘லைன்’ ஒரே உடுப்பைத் துண்டு துண்டாகத் தைக்கும். ஒருவருக்குக் காலர், அடுத்தவருக்குக் கை. மணிக்கு எத்தனை என்ற டார்கெட் பலகையில் ஏறும். யாராவது பின்தங்கினால் துணி அவர் முன்னே குவியும், சூப்பர்வைசரின் ஏச்சும் அவருக்கே. அடிப்படைச் சம்பளம் சொற்பம். மேலதிக நேரமும் வரவுப்படியும் சேர்ந்தால்தான் வீட்டுக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சும். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் வரவுப்படி போய்விடும்.

சங்கம் சேர்வதை வலயத்தில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வலயத்தின் வாசற்காவலே தடுத்தது, சங்கத்தார் உள்ளே போக முடியாது. 40 சதவீத ஊழியரைக் கொண்ட சங்கத்துடன் முதலாளி பேசியே ஆகவேண்டும் என்று 1999இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் திருத்தப்பட்டது. ஆள் அடிக்கடி மாறும் ஆலையில் அந்த 40ஐ எட்டுவது லேசல்ல.

பெருங்கொந்தளிப்பு சம்பளத்தால் அல்ல, ஓய்வூதியத்தால் வந்தது. தனியார்துறை ஓய்வூதிய மசோதா தங்கள் சேமலாப நிதியில் கைவைக்கும் என்று அஞ்சிய வலயத் தொழிலாளர் 2011 மே 30இல் வீதிக்கு வந்தார்கள். பொலிஸார் சுட்டதில் காயமடைந்த இளம் தொழிலாளி ரொஷேன் சானக ஜூன் 1இல் இறந்தார். மசோதா கைவிடப்பட்டது, பொலிஸ்மா அதிபர் மகிந்த பாலசூரிய பதவி விலகினார்.

கிழக்கிலிருந்து வந்த பலர் ஆலையின் நேரடி ஊழியர்கூட அல்ல. ‘மேன்பவர்’ முகவர் நாட்கூலிக்கு அனுப்புவார். இன்று ஓர் ஆலை, நாளை வேறொன்று. சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று கேட்டால் ஆலை முகவரைக் காட்டும், முகவர் ஆலையைக் காட்டுவார். 2020 மார்ச்சில் ஊரடங்கு விழுந்தபோது முதலில் கைவிடப்பட்டவர்களும் இவர்களே. வேலை நின்ற பிறகும் போர்டிங் வாடகை நிற்கவில்லை, ஊருக்கு பஸ்ஸும் இல்லை.

இப்போது ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கென்றே தனி வலயம் திட்டமிடப்பட்டுள்ளது. ஊரோடு வேலை என்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் சாயமிடுவதற்கு எக்கச்சக்கமான நீர் வேண்டும். அதன் கழிவு எங்கே போகும் என்று கரையிலிருக்கும் மீனவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.